லிங்கன் - டக்ளஸ் விவாதங்கள்: காரில் போகும்போது கேட்கப்படும் கேள்விகள்

இலினாய் மாநிலத்தின் நடுப்பகுதியில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் சிகாகோ, அப்புறம் ஸ்ப்ரிங்ஃபீல்டில் லிங்கன் வீடு, நேரம் மிச்சமிருந்தால் கேல்ஸ்பர்க் என்று கூட்டிப்போவது வழக்கமாகிவிட்டது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை 1858-ம் ஆண்டு விவாதங்களின் நினைவு நாள்கள் ஒவ்வொன்றாக வரும். அந்த நாள்களில் போகிறவர்களும் சரி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு இந்தப் பாடம் வந்துவிட்டது என்று ஃபோன் செய்கிறவர்களும் சரி, கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன்.

என்ன விவாதம் அது? யாருக்கும் யாருக்கும்?

1858-ல் அமெரிக்க செனட்டில் இலினாய்க்கு உரிய ஓர் இடத்துக்குத் தேர்தல். ஏற்கெனவே அந்த இடத்தில் இருந்தவர் ஜனநாயகக் கட்சியின் ஸ்டீஃபன் டக்ளஸ். நாடறிந்த தலைவர். எதிர்த்து நின்றவர் ஸ்ப்ரிங்ஃபீல்டு வக்கீல் ஆபிரகாம் லிங்கன். பத்து வருடத்துக்கு முன்பு ஒரே ஒரு தவணை காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றத்தில்) இருந்ததோடு சரி, வெளியூரில் அவ்வளவாகப் பெயர் கிடையாது. லிங்கன் சார்ந்த குடியரசுக் கட்சியே அப்போதுதான் முளைத்திருந்தது.

இருவரும் ஏழு ஊர்களில் நேருக்கு நேர் பேசினார்கள். பேச்சு முழுவதும் அடிமைமுறையைச் சுற்றியே இருந்தது. லிங்கன் 6 அடி 4 அங்குலம், டக்ளஸ் 5 அடி 4 அங்குலம். சரியாக ஓர் அடி வித்தியாசம். டக்ளஸுக்கு 'குட்டி ராட்சதன்' என்று பட்டப்பெயர். ஆள்தான் குட்டை, குரலும் செல்வாக்கும் அப்படியில்லை.

ஏன் ஏழு? அஞ்சோ பத்தோ வச்சிருக்கலாமே?

இலினாயில் அப்போது ஒன்பது காங்கிரஸ் தொகுதிகள். சிகாகோவிலும் ஸ்ப்ரிங்ஃபீல்டிலும் டக்ளஸ் பேசி முடித்த சூட்டோடு லிங்கனும் பேசிவிட்டார். டக்ளஸ் எங்கே கூட்டம் கூட்டினாலும் பின்னாலேயே போய் அதே கூட்டத்தில் பதில் சொல்வது லிங்கனுக்கு வசதியாக இருந்தது. இது நன்றாயில்லை என்று பேச்சு கிளம்பவே, லிங்கன் முறைப்படி சவால் விட்டார். அந்த இரண்டு தொகுதி போக மீதி ஏழில் தலா ஒன்று என்று டக்ளஸ் ஒப்புக்கொண்டார்.

ஆகஸ்ட் 21 ஒட்டாவா, 27 ஃப்ரீபோர்ட், செப்டம்பர் 15 ஜோன்ஸ்போரோ, 18 சார்ல்ஸ்டன், அக்டோபர் 7 கேல்ஸ்பர்க், 13 குவின்சி, 15 ஆல்ட்டன்.

ஒட்டாவான்னா கனடாவுக்கா போனாங்க?

இல்லை. இலினாயிலேயே ஓர் ஒட்டாவா இருக்கிறது. சார்ல்ஸ்டனும் தென் கரோலினாவில் இருக்கும் பெரிய சார்ல்ஸ்டன் இல்லை. வரைபடத்தில் தேடும்போது மாநிலத்தின் பெயரையும் சேர்த்துத் தட்டுங்கள். 'இல்லினாய்ஸ்' என்று கடைசி எழுத்தை அழுத்திச் சொன்னால் இங்கே சிரிப்பார்கள், அது வேறு.

நம்ம பட்டிமன்றம் மாதிரியா? நடுவர் யாரு?

நடுவரே கிடையாது. தீர்ப்பும் கிடையாது. முதலில் பேசுகிறவருக்கு ஒரு மணி நேரம். அடுத்தவருக்கு ஒன்றரை மணி நேரம். பிறகு முதலாமவர் திரும்ப எழுந்து அரை மணி நேரம் பதில் சொல்வார். மொத்தம் மூன்று மணி நேரம். அடுத்த ஊரில் வரிசை மாறும். ஏழில் நான்கை டக்ளஸ் தொடங்கினார், மூன்றை லிங்கன்.

சாலமன் பாப்பையா போல நகைச்சுவையால் சூட்டைத் தணிக்க நடுவில் ஆள் இல்லாததால் கூட்டமே அந்த வேலையைச் செய்தது. குறுக்கே கத்துவார்கள், கேள்வி கேட்பார்கள். பேண்டு வாத்தியம், கொடி, ஊர்வலம் எல்லாம் உண்டு. டக்ளஸ் தனி ரயிலில் வந்தார். அதோடு ஒரு பீரங்கியும் வந்து, ஊர் நெருங்கும்போது வெடித்து வரவை அறிவிக்கும். லிங்கன் பெரும்பாலும் சாதாரணப் பயணியாகவே போய் இறங்கினார். கேல்ஸ்பர்க் கூட்டம் பதினைந்தாயிரத்துக்குக் குறையாது என்பார்கள். தென்கோடியில் இருந்த ஜோன்ஸ்போரோவில் ஆயிரத்தைந்நூறு பேர்கூடத் தேறவில்லை.

லிங்கன் அடிமைமுறையை ஒழிக்கணும்னார், டக்ளஸ் வேணும்னார். அவ்வளவுதானே?

இல்லை. அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இதுதான். தென் மாநிலங்களில் ஏற்கெனவே இருந்த அடிமைமுறையை உடனே ஒழிக்க வேண்டும் என்று அந்த ஏழு மேடைகளில் ஒன்றிலும் லிங்கன் கேட்கவில்லை. அதில் கைவைக்க மத்திய அரசுக்கு அதிகாரம் இல்லை என்றே சொன்னார். சண்டை மேற்கில் புதிதாகக் குடியேறிக்கொண்டிருந்த, இன்னும் மாநிலமாகாத பிரதேசங்களைப் பற்றியது. கான்சஸ், நெப்ராஸ்கா போன்ற இடங்களில் அடிமைமுறை நுழையலாமா கூடாதா என்பதே கேள்வி.

1820-ல் ஒரு சமரசம் செய்திருந்தார்கள். லூசியானா என்று பிரான்சிடம் வாங்கிய நிலத்தில், மிசூரி நீங்கலாக, ஒரு கோட்டுக்கு வடக்கே அடிமைமுறை கூடாது என்று. 1854-ல் டக்ளஸ் கொண்டுவந்த கான்சஸ் - நெப்ராஸ்கா சட்டம் அந்தக் கோட்டை அழித்தது. அங்கே குடியேறுகிறவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்துகொள்ளட்டும் என்பது அவர் வாதம். 'மக்கள் இறையாண்மை' என்று அதற்குப் பெயர். கேட்க ஜனநாயகமாகத்தான் இருக்கும். ஆனால் எந்த மக்களை வைத்துக்கொள்வது, விற்பது என்று ஓட்டெடுப்பு நடக்கிறதோ அவர்களுக்கு அதில் ஓட்டுக் கிடையாது.

ஓட்டில் எது வந்தாலும் தனக்குக் கவலையில்லை என்றார் டக்ளஸ். அடிமைமுறை தவறு, தவறான ஒன்றை மேற்கொண்டு பரவவிடக் கூடாது, பரவாமல் தடுத்தால் காலப்போக்கில் தானே தேய்ந்துபோகும் என்றார் லிங்கன். இந்தத் 'தவறு' என்ற சொல்லை டக்ளஸ் வாயிலிருந்து வரவழைக்க லிங்கன் ஏழு ஊரிலும் முயன்றார். கடைசிவரை வரவில்லை. டக்ளஸின் முதல் மனைவி வழியில் மிசிசிப்பியில் அடிமைகளை வைத்து நடந்த ஒரு தோட்டம் குடும்பத்துக்கு வந்திருந்தது, அதன் வருமானத்தில் அவருக்குப் பங்கு இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

எல்லாப் பலகையிலும் ட்ரெட் ஸ்காட், ட்ரெட் ஸ்காட்னு போட்டிருக்கே, யார் அவர்?

அடிமையாக இருந்தவர். அவருடைய உரிமையாளர் ராணுவ மருத்துவர். அடிமைமுறை தடைசெய்யப்பட்ட இலினாய்க்கும் அதற்கு வடக்கே இருந்த பிரதேசத்துக்கும் ஸ்காட்டைக் கூட்டிப்போய் வைத்திருந்தார். சுதந்திர மண்ணில் வாழ்ந்ததால் நான் சுதந்திரமானவன் என்று ஸ்காட் வழக்குப் போட்டார். 1857 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களே அல்ல என்றார் தலைமை நீதிபதி டேனி. பிரதேசங்களில் அடிமைமுறையைத் தடுக்க காங்கிரஸுக்கு அதிகாரம் இல்லை என்றும் தீர்ப்பு சொன்னது.

இது டக்ளஸுக்குத் தலைவலி. காங்கிரஸே தடுக்க முடியாது என்றால், காங்கிரஸ் உண்டாக்கிய ஒரு பிரதேச சபை மட்டும் எப்படித் தடுக்கும்? 'மக்களே முடிவு செய்யட்டும்' என்ற கொள்கையின் அடியிலேயே கோடாலி விழுந்தது.

ஃப்ரீபோர்ட்ல லிங்கன் ஒரே கேள்வியில ஆளை மடக்கிட்டாராமே?

கேட்டது இந்தக் கோடாலியைத்தான். மாநிலமாவதற்கு முன்பு, சட்டப்படி அடிமைமுறையை விலக்கிவைக்க ஒரு பிரதேசத்து மக்களால் முடியுமா? முடியும் என்றால் தீர்ப்பை மதிக்கவில்லை என்று தெற்கு கோபிக்கும். முடியாது என்றால் இலினாய்க்காரர்கள் கைவிடுவார்கள்.

டக்ளஸ் அசரவில்லை. தீர்ப்பு என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், உள்ளூர்ச் சட்டமும் போலீஸ் விதிகளும் பக்கபலமாக இல்லாவிட்டால் அடிமைமுறை ஒரு நாள், ஒரு மணி நேரம்கூட எங்கும் நிற்காது, அந்த விதிகளை இயற்றாமல் விட்டாலே போதும் என்றார். கெட்டிக்காரப் பதில். 1860-ல் ஜனநாயகக் கட்சி இரண்டாக உடைந்ததற்கு இந்தப் பதிலே காரணம் என்று வழிகாட்டிகள் கதை சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. இதே கருத்தை டக்ளஸ் முன்பே பேசியிருக்கிறார். கான்சஸில் மோசடியாக உருவான அடிமை ஆதரவு அரசியல் சட்டத்தை ஏற்க மறுத்து, தன் கட்சி ஜனாதிபதி புக்கானனையே எதிர்த்து நின்றபோதே தெற்கு அவர்மேல் கடுப்பாகிவிட்டது. ஃப்ரீபோர்ட் எரிகிற அடுப்பில் இன்னொரு விறகு.

சரி, யார் ஜெயிச்சது?

டக்ளஸ். அந்தக் காலத்தில் செனட்டரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. 1913-ல் அரசியல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அது வந்தது. அதுவரை மாநில சட்டசபை உறுப்பினர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஆக, விவாதத்தைக் கேட்க வெயிலில் நின்ற யாரும் இந்த இருவருக்கும் நேராக ஓட்டுப் போடவில்லை, தங்கள் தொகுதி சட்டசபை வேட்பாளருக்குத்தான் போட்டார்கள். 1859 ஜனவரி 5-ல் சட்டசபை கூடியது. டக்ளஸுக்கு 54, லிங்கனுக்கு 46. மாநிலம் முழுக்க எண்ணிப்பார்த்தால் குடியரசுக் கட்சி வேட்பாளர்கள் சற்று அதிகம் வாங்கியிருந்தார்கள். தொகுதிக் கோடுகள் பழைய கணக்கில் போட்டவை, அது டக்ளஸுக்கு உதவியது.

இரண்டே வருடத்தில் ஜனாதிபதித் தேர்தலில் இதே இருவரும் மறுபடி மோதினார்கள். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்வாளர்கள் ஓட்டில் லிங்கனுக்கு 180, டக்ளஸுக்கு 12. தென் மாநிலங்கள் பிரிந்துபோய் உள்நாட்டுப் போர் மூண்டதும் டக்ளஸ் தயங்காமல் ஒன்றியத்தின் பக்கம் நின்று பேசினார். 1861 ஜூனில் இறந்துபோனார், 48 வயது.

சார்ல்ஸ்டன்ல லிங்கன் பேசினதா ஒண்ணு வாட்ஸ்அப்ல வந்துச்சு. படிச்சா தூக்கிவாரிப்போடுது. கட்டுக்கதைதானே?

கட்டுக்கதை இல்லை. அந்த விவாதத்தில் முதலில் பேசியவர் லிங்கன். விடுதியில் ஒரு பெரியவர் வந்து, 'கறுப்பரும் வெள்ளையரும் முழுக்கச் சமம் என்று ஆக்கப்போகிறீர்களா?' என்று கேட்டதாகச் சொல்லிவிட்டு, இரு இனங்களுக்கும் சமூக, அரசியல் சமத்துவம் கொண்டுவருவதற்குத் தான் ஆதரவாளன் அல்ல, எப்போதும் இருந்ததும் இல்லை என்றார். ஓட்டுரிமை வேண்டாம், ஜூரியில் இடம் வேண்டாம், பதவி வேண்டாம், கலப்புத் திருமணம் வேண்டாம். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். கூட்டம் கைதட்டியது.

அந்த ஊர்க் கூட்டத்தில் தென் மாநிலங்களிலிருந்து குடிவந்தவர்கள் அதிகம், ஓட்டுக்காகப் பேசினார் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் ஒட்டாவாவிலும் இதற்குக் கிட்டத்தட்டப் பேசியிருக்கிறார். அதே ஒட்டாவா பேச்சிலேயே, தன் கையால் உழைத்துச் சம்பாதித்த ரொட்டியை யாரிடமும் அனுமதி கேட்காமல் தின்னும் உரிமையில் அந்தக் கறுப்பர் எனக்கும் சமம், டக்ளஸுக்கும் சமம், உயிரோடிருக்கும் எவருக்கும் சமம் என்றும் சொன்னார். இரண்டும் ஒரே மனிதர் வாயில் ஒரே மத்தியானத்தில் வந்தவை. ஒன்றை மட்டும் ஃபார்வர்டு செய்கிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

மனிதர் அங்கேயே நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1863 ஜனவரி 1-ல் அடிமைகள் விடுதலைப் பிரகடனம். 1865 ஏப்ரல் 11-ல் பேசிய கடைசிப் பேச்சில், படித்த கறுப்பினத்தவருக்கும் படையில் சேர்ந்து போரிட்டவர்களுக்கும் ஓட்டுரிமை தரலாம் என்றார். கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் ஜான் வில்க்ஸ் பூத்தும் இருந்தான். மூன்றாம் நாள் லிங்கனைச் சுட்டான்.

அந்த மேடையில கறுப்பினத்தவர் யாராவது பேசினாங்களா?

ஒருவரும் இல்லை. 1860 மக்கள்தொகைக் கணக்கில் சுமார் 40 லட்சம் பேர் அடிமைகள். அவர்களைப் பற்றி மொத்தம் 21 மணி நேரம் பேச்சு. அவர்களில் ஒருவருக்கும் ஒரு நிமிடம் கிடையாது. இலினாய் 'சுதந்திர மாநிலம்' என்று மேலே சொன்னேன் அல்லவா, அதிலும் ஒரு கொக்கி இருக்கிறது. 1853-ல் இந்த மாநிலம் போட்ட சட்டப்படி, வெளியிலிருந்து கறுப்பினத்தவர் இங்கே குடிவரவே கூடாது. பத்து நாளுக்கு மேல் தங்கினால் அபராதம், கட்ட முடியாவிட்டால் அவர்களுடைய உழைப்பை ஏலம் விடலாம். 1865 வரை அது இருந்தது.

அடிமையாக இருந்து தப்பி வந்து பெரும் பேச்சாளரான ஃப்ரெடரிக் டக்ளஸின் பெயர் மட்டும் மேடையில் திரும்பத் திரும்ப வந்தது. ஃப்ரீபோர்ட்டில் அவர் ஒரு கோச்சு வண்டியில் வெள்ளைக்காரப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், பாருங்கள் அநியாயத்தை என்ற தோரணையில் ஸ்டீஃபன் டக்ளஸ் பேசினார். கூட்டத்தைப் பயமுறுத்த அது போதுமானதாக இருந்தது. இரண்டு டக்ளஸ்களையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். உறவு கிடையாது.

மைக் இல்லை, டேப் இல்லை. பேசினது நமக்கு எப்படி அப்படியே கிடைச்சுது?

சுருக்கெழுத்து. சிகாகோவின் இரண்டு பத்திரிகைகள் சுருக்கெழுத்தாளர்களை ஊர் ஊராக அனுப்பின. ராபர்ட் ஹிட் என்பவர் லிங்கன் பக்கத்துப் பத்திரிகைக்காக எழுதினார். டக்ளஸ் பக்கத்துப் பத்திரிகைக்கு வேறு ஆள்கள். ரயிலில் சிகாகோவுக்குக் கொண்டுபோய் அச்சுக்கோத்தார்கள்.

'அப்படியே' என்பதில்தான் வில்லங்கம். தங்கள் ஆள் பேச்சு மெருகாக வரும், எதிராளி பேச்சு கந்தலாக வரும். ஒரே விவாதத்தை இரண்டு பத்திரிகையிலும் வைத்துப் பார்த்தால் தெரியும். ஒட்டாவாவில் பேச்சு முடிந்ததும் லிங்கனை ஆதரவாளர்கள் தோளில் தூக்கிப்போனார்கள். உற்சாகம் என்றது ஒரு தரப்பு. காலில் தெம்பில்லாமல் போய்விட்டது, அதனால் தூக்க வேண்டியதாயிற்று என்றது மறு தரப்பு. ஜோலியட் என்ற ஊரில் பேசும்போது டக்ளஸே இதைச் சொல்லிக் கிண்டல் செய்ய, லிங்கனுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஜோன்ஸ்போரோ மேடையில் அதற்குப் பதில் சொன்னார்.

பிறகு லிங்கன் பத்திரிகை நறுக்குகளைத் தானே ஒட்டி ஒரு தொகுப்பாக்கினார். தன் பேச்சுக்குத் தன் பக்கத்துப் பத்திரிகை, டக்ளஸ் பேச்சுக்கு டக்ளஸ் பக்கத்துப் பத்திரிகை. அது 1860-ல் புத்தகமாக வந்து நன்றாக விற்றது. தோற்ற விவாதத்தைத் தானே அச்சிட்டுப் பரப்பி அடுத்த தேர்தலுக்கு முதலாக்கிக்கொண்டார். வக்கீல் மூளை.

நினைவு நாள் எப்பலேர்ந்து கொண்டாடறாங்க?

1896-லேயே கேல்ஸ்பர்க்கில் விழா எடுத்தார்கள். லிங்கனின் மகன் ராபர்ட் வந்து பேசினார். 1903-ல் ஃப்ரீபோர்ட்டில் நினைவுப் பாறையைத் திறந்துவைத்தவர் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட். 1958-ல் நூற்றாண்டுக்கு 4 சென்ட் தபால்தலை வந்தது, வெளியிட்ட இடமும் ஃப்ரீபோர்ட்தான். 1994-ல் ஏழு விவாதங்களையும் அந்தந்த ஊரிலேயே நடித்துக்காட்டி, தொலைக்காட்சியில் முழுசாக ஒளிபரப்பினார்கள். 175-வது ஆண்டு 2033-ல்.

நடுவில் 1908-ஐ விட்டுவிட்டேன், வேண்டுமென்றேதான். ஐம்பதாவது ஆண்டு. ஆகஸ்ட் 21 ஒட்டாவா விழாவுக்கு எல்லாம் தயார். அதற்கு ஒரு வாரம் முன்பு, லிங்கன் குடியிருந்த ஊரான ஸ்ப்ரிங்ஃபீல்டில் வெள்ளையர் கும்பல் கறுப்பினத்தவர் வீடுகளையும் கடைகளையும் கொளுத்தியது. இரண்டு பேரை அடித்துத் தூக்கில் தொங்கவிட்டது. அந்த அதிர்ச்சியில்தான் மறு ஆண்டு கறுப்பினத்தவர் உரிமைக்கான தேசியச் சங்கம் உருவானது. அந்தக் கலவரம் நடந்த இடத்தை 2024-ல் தேசிய நினைவிடமாக அறிவித்திருக்கிறார்கள். ஸ்ப்ரிங்ஃபீல்டு போனால் லிங்கன் வீட்டோடு திரும்பிவிடாமல் இதையும் பாருங்கள்.

ஏழு ஊருக்கும் போக முடியாது. ஒண்ணே ஒண்ணுன்னா எது?

கேல்ஸ்பர்க். மற்ற ஊர்களில் சிலை, பூங்கா, கல்வெட்டு இருக்கும். குவின்சியில் சுவர்ச் சிற்பம் அழகு. ஆனால் விவாதத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கட்டடம் இன்றும் நிற்பது கேல்ஸ்பர்க்கின் நாக்ஸ் கல்லூரியில் மட்டும். 'ஓல்டு மெயின்' என்பார்கள். செங்கல் கட்டடம். அன்று குளிர்காற்று அடித்ததால் மேடையைக் கட்டடத்தின் கிழக்குச் சுவரை ஒட்டிப் போட்டார்கள். மேடை வாசலை மறைத்துவிட்டது. பேச்சாளர்கள் உள்ளே போய் ஜன்னல் வழியாக மேடைக்கு இறங்க வேண்டியதாயிற்று. 'ஒருவழியாக நானும் கல்லூரியைத் தாண்டிவிட்டேன்' என்று லிங்கன் சொன்னாராம். பள்ளிக்கூடப் படிப்பே மொத்தம் ஒரு வருடம் தேறாத மனிதர்.

அக்டோபரில் போனால் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். சமவெளிக் காற்று அந்தச் சுவரில் மோதித் திரும்புவதை நின்று கேட்டால், மைக் இல்லாமல் மூன்று மணி நேரம் பேசியவர்களின் தொண்டையை நினைத்துப் பார்க்கத் தோன்றும். டக்ளஸுக்கு அதற்குள் குரல் கட்டத் தொடங்கிவிட்டது. ஆல்ட்டனில் பாதிப் பேர் காதில் அவர் பேச்சு விழவில்லை என்பார்கள்.

1858-ல நம்ம ஊர்ல மட்டும் அடிமைமுறை இல்லையா? நாம ஏன் இவங்களைப் பத்திப் பேசணும்?

இருந்தது. தஞ்சாவூர், மலபார் பக்கம் நிலத்தோடு ஆளையும் சேர்த்து எழுதிக்கொடுத்த ஓலைகளே இருக்கின்றன. 1843-ல் கம்பெனி அரசு ஐந்தாம் சட்டத்தைப் போட்டது. அது அடிமை வைத்திருப்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை. 'இவன் என் அடிமை' என்று யார் உரிமை கோரி வந்தாலும் நீதிமன்றம் அமல்படுத்தாது என்றது, அவ்வளவுதான். 1862-ல் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் குற்றமானது.

இப்போது ஃப்ரீபோர்ட் பதிலை மறுபடி படியுங்கள். சட்டம் பக்கபலமாக இல்லாவிட்டால் அடிமைமுறை ஒரு மணி நேரம்கூட நிற்காது என்றார் டக்ளஸ். தஞ்சாவூரில் நின்றது. கடன், வயல், மிராசுதார் கொடுத்த குடிசை இருக்கும் மனைக்கட்டு, இவையெல்லாம் போலீஸ் செய்யும் வேலையைச் செய்தன. பண்ணையாளுக்குப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வர 1952 ஆயிற்று.

ஸ்கூல் நாடகத்துல எம் பொண்ணுக்கு டக்ளஸ் வேஷமாம். வேண்டாம்னு டீச்சர்கிட்ட சொல்லட்டுமா?

சொல்லாதீர்கள். டக்ளஸை உளறுவாயன் ஆக்கினால் லிங்கன் எதை எதிர்த்துப் பேசினார் என்பதே பிள்ளைகளுக்குப் புரியாது. ஆசிரியையிடம் கேட்க வேண்டியது வேறு. ஒட்டாவாவில் டக்ளஸ் கூட்டத்தைப் பார்த்து, இந்த அழகான மாநிலத்தைக் கறுப்பினத்தவரின் குடியேற்றமாக ஆக்க வேண்டுமா என்று கேட்பார். 'வேண்டாம், வேண்டாம்' என்று கூட்டம் கத்தியதாகப் பத்திரிகையில் பதிவாகியிருக்கிறது. அந்த இடத்தில் பார்வையாளராக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும்? அந்த வகுப்பில் கறுப்பினக் குழந்தைகளும் இருப்பார்கள். இதை முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. ஒரு பள்ளியில் பேசிவைக்காமல் நடத்தினார்கள். கேள்வி வந்ததும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. டக்ளஸாக நின்ற பையனுக்குக் கத்தல் வந்த பிறகுதான் அடுத்த வரி பாடம். அப்படியே நின்றுவிட்டான். அந்த நாடகத்தில் எனக்கு நினைவில் நிற்பது அந்த அரை நிமிடம்தான்.

வேஷத்துக்குக் கறுப்புக் கோட்டு போதும். உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். முதல் பதிலில் சொன்னபடி, ஆள் தேடித் திண்டாட வேண்டியது லிங்கனுக்குத்தான். அவருக்கும் தாடி ஒட்டிவிடாதீர்கள், 1858-ல் அவர் இன்னும் தாடி வளர்க்கவில்லை.